வீடியோ ஃபில்டர் ஐசிக்குள் சிக்னல் நுழையும் விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடியோ ஃபில்டர் ஐசி வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மெகாஹெர்ட்ஸ்?" என்றுதான். போர்டில் பொருத்திய பிறகு வரும் தகராறுகளோ பெரும்பாலும் மெகாஹெர்ட்ஸ் சம்பந்தப்பட்டவை அல்ல. படம் உருள்கிறது, கருப்பு வெளுத்துப் போகிறது, சிங்க் (ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்று டிவிக்குச் சொல்லும் பல்ஸ்) நசுங்குகிறது, ஒரு நிறம் மட்டும் கோடு கோடாக இழுக்கிறது. இவையெல்லாம் உள்ளீட்டுப் பக்கத்துச் சங்கதிகள். சிக்னலின் பூஜ்யம் எங்கே உட்கார வேண்டும் என்பதை முடிவு செய்யாமல் விட்டதால் வருபவை. அதனால் இந்தப் பக்கத்தில் ஃபில்டரைப் பற்றிக் குறைவாகவும், ஃபில்டருக்கு முன்னால் நடப்பதைப் பற்றி அதிகமாகவும் எழுதியிருக்கிறேன்.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎச்எஸ்7314, ஃபேர்சைல்டின் எஃப்எம்எஸ்6143 போன்ற எட்டுக் கால், மூன்று சேனல் ஐசிகளை மனத்தில் வைத்துத்தான் பதில்கள் இருக்கின்றன. கணக்குகளுக்கு இந்தியாவிலும் இலங்கையிலும் புழங்கிய பிஏஎல் முறையை எடுத்துக்கொண்டேன்: 625 வரி, ஒரு வரிக்கு 64 மைக்ரோசெகண்ட்.


இந்த ஐசிக்குள் என்னதான் இருக்கிறது?

ஒவ்வொரு சேனலிலும் நான்கு பகுதிகள். முதலில் சிக்னலின் டிசி மட்டத்தை, அதாவது அது நிற்கும் அடிப்படை வோல்டேஜைப் பிடித்து வைக்கும் உள்ளீட்டுப் பகுதி. அடுத்து குறைந்த அதிர்வெண்களை மட்டும் விடும் லோ-பாஸ் ஃபில்டர். டிஎச்எஸ்7314இல் இது ஐந்தாம் வரிசை, 8.5 மெகாஹெர்ட்ஸ். அப்புறம் இரண்டு மடங்கு பெருக்கும் ஆம்ப்ளிஃபயர். கடைசியில் 75 ஓம் கேபிளைத் தள்ளக்கூடிய அவுட்புட் நிலை.

தனித்தனி காயில், கெபாசிட்டர், டிரான்சிஸ்டர் என்று ஒரு சதுர அங்குலத்துக்குக் கட்டிய சர்க்கியூட் இப்போது அரிசி மணிகள் இரண்டு மூன்றைச் சேர்த்து வைத்த அளவுக்குள் அடங்கிவிட்டது. வசதிதான். ஆனால் உள்ளீட்டுப் பகுதி கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டதால், அது ஒன்று இருப்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள்.


உள்ளே வரும் சிக்னல் எப்படி இருக்கும்?

படம், நிறம், சிங்க் எல்லாம் ஒரே கம்பியில் வரும் காம்போசிட் வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். 75 ஓம் முடிவு போட்ட கேபிளில் மொத்த உயரம் 1 வோல்ட். வரிகளுக்கு நடுவே படம் இல்லாதபோது சிக்னல் நிற்கும் பிளாங்கிங் மட்டத்தைப் பூஜ்யமாக வைத்தால் சிங்க் பல்ஸ் 300 மில்லிவோல்ட் கீழே போகும், முழு வெள்ளை 700 மில்லிவோல்ட் மேலே போகும். இதன்மேல் நிறத்தைச் சுமக்கும் கலர் சப்கேரியர் ஏறி உட்காரும். நூறு சதவீத கலர் பார் போட்டால் மஞ்சளும் சயானும் வெள்ளையைத் தாண்டி ஏறத்தாழ 930 மில்லிவோல்ட்டைத் தொடும். ஆக, "1 வோல்ட் சிக்னல்" என்று எல்லோரும் சொன்னாலும், இடம் ஒதுக்கும்போது 1.23 வோல்ட் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

கீழ்ப்பக்கத்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீலமும் சிவப்பும் பிளாங்கிங்குக்குக் கீழே 230 மில்லிவோல்ட் வரை இறங்கும். ஆனாலும் சிங்கின் 300ஐத் தாண்டாது. எந்தப் படம் ஓடினாலும் சிக்னலின் மிகத் தாழ்ந்த இடம் சிங்க் டிப், அதாவது சிங்க் பல்ஸின் அடிதான். சிக்னலின் அடியை ஒரே மட்டத்தில் பிடித்து வைக்கும் கிளாம்ப் என்ற ஏற்பாடு முழுவதும் இந்த ஒரே உண்மையை நம்பி நிற்கிறது.


ஐசிக்கு 3.3 வோல்ட் சப்ளை மட்டும்தான் தருகிறோம். பூஜ்யத்துக்குக் கீழே போகும் சிங்க்கை அது எப்படிச் சமாளிக்கும்?

நேரடியாகச் சமாளிக்காது. சப்ளை 0 முதல் 3.3 வரை என்றால் உள்ளே எந்த டிரான்சிஸ்டருக்கும் மைனஸ் 300 மில்லிவோல்ட் என்ற இடமே கிடையாது. யாராவது சிக்னலை மேலே தூக்கி வைக்க வேண்டும். வழிகள் மூன்று. சிக்னலை அனுப்புகிற டாக் (டிஜிட்டலை அனலாக் வீடியோவாக மாற்றும் ஐசி) ஏற்கெனவே அதைப் பூஜ்யத்துக்கு மேல் வைத்துத் தருவது ஒன்று. தொடர் கெபாசிட்டர் போட்டு, ஐசியின் கிளாம்ப் சிங்க் டிப்பைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது இன்னொன்று. அதே கெபாசிட்டரோடு ரெசிஸ்டர் வைத்து நடு மட்டத்தில் தொங்கவிடுவது மூன்றாவது. கீழே ஒவ்வொன்றாக வருகிறது.


டாக்கிலிருந்து நேராகக் கம்பி இழுத்துவிட்டால் போதுமா?

ஒரே போர்டில் இருந்தால் போதும். அதுதான் சுத்தமான வழியும்கூட. வீடியோ டாக்குகள் பெரும்பாலும் கரண்டை வெளியே தள்ளுபவை. கிரவுண்டுக்குப் போகும் ஒரு ரெசிஸ்டரில் அந்தக் கரண்ட் பாயும்போது 0 வோல்ட்டிலிருந்து மேலே போகும் சிக்னல் கிடைக்கிறது. சிங்க் டிப் பூஜ்யத்தில் அல்லது அதற்குச் சற்று மேலே, உச்சி 1.3 வோல்ட் பக்கம். கெபாசிட்டர் வேண்டாம், சாய்வு இல்லை, காத்திருப்பு இல்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உள்ளீடு சரியாக 0 வோல்ட் என்றால் அவுட்புட்டும் 0 வோல்ட்டுக்குப் போக வேண்டும். சப்ளையின் இரண்டு எல்லை வரை போகும் என்று சொல்லப்படும் எவ்வளவு நல்ல ரெயில்-டு-ரெயில் ஆம்ப்ளிஃபயரும் கிரவுண்டை முழுமையாகத் தொடாது. கடைசிச் சில பத்து மில்லிவோல்ட்டில் மூச்சு வாங்கும். அங்கேதான் சிங்க் டிப் இருக்கிறது. அதனால் இந்த ஐசிகளுக்குள்ளேயே சின்ன டிசி தூக்கல் ஒன்று வைத்திருக்கிறார்கள். உள்ளீடு பூஜ்யமாக இருந்தாலும் அவுட்புட் கிரவுண்டிலிருந்து நூற்றுச் சொச்சம் மில்லிவோல்ட் மேலேயே நிற்கும். அவுட்புட்டை மீட்டரில் அளந்துவிட்டு "ஆஃப்செட் இருக்கிறதே, ஐசி பழுதா?" என்று கேட்பவர்கள் உண்டு. பழுதில்லை, வேண்டுமென்றே வைத்தது.

மேல்பக்கமும் இடிக்கக் கூடாது. தூக்கல் 0.3 வோல்ட் என்றே வைத்துக்கொள்வோம். 1.23ஐ இரண்டு மடங்காக்கினால் 2.46. மொத்தம் 2.76 வோல்ட். 3.3 வோல்ட் சப்ளைக்குள் வசதியாக நிற்கிறது. டாக்கின் ரெசிஸ்டர் மதிப்பைத் தப்பாக வைத்துச் சிக்னலை 1.6 வோல்ட்டாக ஆக்கினால் 3.5 வரும், வெள்ளை வெட்டுப்படும். மேகம் எல்லாம் ஒரே வெள்ளைத் திட்டாகத் தெரிகிறதா, இந்தக் கூட்டல் கழித்தலைத்தான் முதலில் போட்டுப் பாருங்கள்.


வெளியிலிருந்து மஞ்சள் ஆர்சிஏ கேபிளில் வரும் சிக்னலை?

கெபாசிட்டர் போடாமல் விடாதீர்கள். மறுமுனையில் என்ன பெட்டி இருக்கிறது, அதன் டிசி மட்டம் என்ன என்பது உங்கள் கையில் இல்லை. சில பெட்டிகள் சிங்க்கை மைனஸ் 0.3இல் அனுப்பும். சில அரை வோல்ட், ஒரு வோல்ட் டிசியோடு அனுப்பும். நேராக இணைத்தால் முதல் வகையில் சிங்க் வெட்டுப்படும், இரண்டாவதில் வெள்ளை வெட்டுப்படும்.

வரிசை முக்கியம். ஜாக்கிலிருந்து வந்ததும் முதலில் கிரவுண்டுக்கு 75 ஓம், அதற்குப் பிறகு தொடரில் 0.1 மைக்ரோஃபாரட், அப்புறம் ஐசியின் கால். கெபாசிட்டருக்கு மறுபக்கம், அதாவது ஐசி காலில் 75 ஓமைப் போட்டால் கெபாசிட்டரும் ரெசிஸ்டரும் சேர்ந்து 21 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை எல்லாம் தேய்த்துவிடும். கிளாம்ப் பிடிக்க எதுவும் மிஞ்சாது. திரையில் உருவங்களின் ஓரம் மட்டும் பேய் மாதிரித் தெரியும்.


கெபாசிட்டர் மட்டும் போட்டு, கிளாம்ப் இல்லாமல் விட்டால் என்ன?

கெபாசிட்டர் சிக்னலின் சராசரியை ஒரே இடத்தில் வைக்கும், சிங்க்கை அல்ல. இருட்டுக் காட்சியில் சராசரி கீழே, அதாவது பிளாங்கிங் பக்கத்தில் இருக்கும். வெளிச்சக் காட்சியில் மேலே இருக்கும். சராசரியை ஆணி அடித்து வைத்தால் காட்சிக்குக் காட்சி சிங்க் மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்துக்கும் இடம் ஒதுக்க வேண்டியதாகிவிடும். 1 வோல்ட் சிக்னலுக்கு ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் இடம் கேட்கும். இரண்டால் பெருக்கினால் 3 வோல்ட்டைத் தாண்டிவிடும். 3.3 வோல்ட் சப்ளையில் அவ்வளவு ஆடம்பரம் கட்டுப்படியாகாது.


சிங்க்-டிப் கிளாம்ப் உண்மையில் என்ன செய்கிறது?

ஸ்கோப்பை டிசி நிலையில் வைத்து, ஒரு கட்டத்துக்கு 10 மைக்ரோசெகண்ட் என்று திருப்பி, ஐசியின் உள்ளீட்டுக் காலைப் பாருங்கள். கீழே 4.7 மைக்ரோசெகண்ட் அகலத்தில் தட்டையான ஒரு தளம். அது கிரவுண்டை ஒட்டியே இருக்கும். காட்சி மாறினாலும், கேபிளில் வரும் டிசி மாறினாலும் மேலே உள்ளதுதான் ஆடும், அந்தத் தளம் ஆடாது. இதுதான் கிளாம்பின் வேலை.

நடப்பது இது. சிக்னல் முதன்முதலில் வரும்போது கெபாசிட்டர் காலி. சிங்க் பல்ஸ் காலைக் கிரவுண்டுக்குக் கீழே இழுக்கப் பார்க்கிறது. கிளாம்ப் அதை உணர்ந்து காலுக்குள் கரண்டை ஊற்றுகிறது. கெபாசிட்டர் சார்ஜ் ஆகி, கால் கிரவுண்டுக்கு உயர்கிறது. சில வரிகளிலேயே கெபாசிட்டரில் ஏறத்தாழ 0.3 வோல்ட் ஏறி நின்றுவிடும். அதன்பின் சிங்க் டிப் பூஜ்யம், வெள்ளை 1 வோல்ட். ஐசியின் கண்ணுக்கு, டாக்கிலிருந்து நேராக வந்த சிக்னலுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

மேலே தள்ள மட்டும் தெரிந்த கிளாம்ப் ஆபத்தானது. எங்கோ ஒரு ஸ்பைக் மைனஸ் 1 வோல்ட்டுக்கு இறங்கினால் கிளாம்ப் அதையும் பிடித்துத் தூக்கிவிடும். பிறகு நல்ல சிக்னல் வந்தாலும் அது அந்த உயரத்திலேயே மாட்டிக்கொள்ளும். ஆகவே எப்போதும் கீழ்நோக்கி இழுக்கும் மிகச் சிறிய கரண்ட் ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். ஓரிரு மைக்ரோஆம்பியர்தான். வரி முழுக்க அது மெல்லக் கீழே இழுக்கிறது, சிங்க் வந்ததும் கிளாம்ப் ஒரே தள்ளாக மேலே கொண்டுபோகிறது. நிமிடம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஒழுகும் குடத்தை நொடியில் ஒரு செம்பு ஊற்றி நிரப்புவது போல, ஒரு நொடிக்கு 15,625 தடவை.

இப்போது ஒரு கணக்கு, ஏனென்றால் இதிலிருந்துதான் பாதிப் பழுதுகளைப் புரிந்துகொள்ள முடியும். கீழே இழுக்கும் கரண்ட் 2 மைக்ரோஆம்பியர் என்று வைப்போம். சிங்க் போக மீதி 59 மைக்ரோசெகண்டில் போன சார்ஜை 4.7 மைக்ரோசெகண்டுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்படியென்றால் கிளாம்ப் சுமார் 25 மைக்ரோஆம்பியர் ஊற்றுகிறது. இந்த 25 மைக்ரோஆம்பியர் சிக்னல் தரும் பக்கத்தின் ரெசிஸ்டன்ஸ் வழியாகத்தான் திரும்பிப் போக வேண்டும். 75 ஓம் என்றால் 2 மில்லிவோல்ட் விழும், யாருக்கும் தெரியாது. யாரோ ஒருவர் சிக்னலைக் குறைக்க 5 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட்டிருந்தால்? 125 மில்லிவோல்ட். 300 மில்லிவோல்ட் சிங்க்கில் ஐந்தில் இரண்டு பங்கு போச்சு. டிவி உருட்ட ஆரம்பிக்கும். ஐசியை மாற்றிப் பார்ப்பார்கள், கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள். குற்றவாளி அந்த ரெசிஸ்டர். இந்த ஐசிகளைக் குறைந்த இம்பிடன்ஸிலிருந்து மட்டுமே ஓட்டுங்கள். சில நூறு ஓமைத் தாண்ட வேண்டாம்.


டேட்டாஷீட்டில் 0.1 மைக்ரோஃபாரட் என்கிறார்கள். 10 மைக்ரோஃபாரட் போட்டால் இன்னும் நன்றாக இருக்காதா?

ஆடியோவிலிருந்து வருகிறவர்கள் கேட்கும் கேள்வி. அங்கே கெபாசிட்டர் பெரிதானால் பாஸ் நன்றாக இறங்கும். இங்கே நியாயம் வேறு.

முதலில் சிறியதாகப் போனால் என்ன என்று பார்ப்போம். 2 மைக்ரோஆம்பியர் 60 மைக்ரோசெகண்ட் நேரம் 0.1 மைக்ரோஃபாரடிலிருந்து இழுத்தால் 1.2 மில்லிவோல்ட் குறையும். வரியின் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் அவ்வளவுதான் வித்தியாசம், 700இல் 1.2 கண்ணுக்குத் தெரியாது. 0.01 போட்டால் 12 மில்லிவோல்ட். சாம்பல் நிறப் பின்னணியில் வலது பக்கம் லேசாக இருட்டுவதை உற்றுப் பார்த்தால் பிடித்துவிடலாம். 1000 பிக்கோஃபாரட் என்றால் பேச்சே இல்லை.

இனி பெரியது. கிரவுண்டு லூப்பினால் 50 ஹெர்ட்ஸ் ஹம், அதாவது மின்லைனின் இரைச்சல், சிக்னலில் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளாம்ப் வரிக்கு வரி சிங்க்கைப் பிடிப்பதால் ஹம்மையும் சேர்த்துத் தட்டிவிடும். கெபாசிட்டரில் வோல்டேஜ் ஹம்மின் வேகத்துக்கு ஈடுகொடுத்தால் மட்டும். மேல்நோக்கிப் போக கிளாம்புக்குப் பலம் இருக்கிறது. கீழ்நோக்கி அந்த 2 மைக்ரோஆம்பியர் மட்டுமே. 0.1 மைக்ரோஃபாரடில் அது நொடிக்கு 20 வோல்ட் வேகம். 50 ஹெர்ட்ஸில் சுமார் 64 மில்லிவோல்ட் உச்சம் கொண்ட ஹம் வரை துரத்திப் பிடிக்கும். 1 மைக்ரோஃபாரட் போட்டால் 6.4 மில்லிவோல்ட்தான். 10 போட்டால் அதுவும் பத்தில் ஒன்று. ஹம் முழுசாகத் திரைக்கு வந்து, மேலிருந்து கீழாக அகலமான நிழல் ஒன்று நகரும். தவிர, காட்சி சட்டென்று மாறும்போதும் சேனல் மாற்றும்போதும் படம் நிலைக்கு வரத் தாமதமாகும்.

ஆக 0.1 என்பது இரண்டு பக்கமும் பார்த்து வைத்த இடம். 0.22, 0.47 வரை போவதில் பெரிய கெடுதல் இல்லை. செராமிக் போதும்.


ஆர்ஜிபியில் சிங்க் தனிக் கம்பியில் போகிறதே. சிங்க் இல்லாத சிவப்புச் சேனலில் கிளாம்ப் எதைப் பிடிக்கும்?

பிளாங்கிங்கை. ஆர், ஜி, பி மூன்றிலும் கருப்புதான் மிகத் தாழ்ந்த மட்டம். ஒவ்வொரு வரியிலும் 12 மைக்ரோசெகண்ட் அதே மட்டத்தில் இருக்கும். கிளாம்புக்கு "இது சிங்க்" என்றெல்லாம் அடையாளம் தெரியாது. தாழ்ந்த இடம் எதுவோ அதைப் பிடிக்கும். சிங்க்கைவிட அகலமான தளம் கிடைப்பதால் இன்னும் நிதானமாகவே பிடிக்கும். ஆகவே ஆர்ஜிபிக்கு இந்த ஐசிகள் தாராளமாகப் பொருந்தும். பழைய கேம் கன்சோல்களுக்கு ஆர்ஜிபி அவுட்புட் எடுப்பவர்கள் டிஎச்எஸ்7314ஐத் தேடி ஓடுவது இதனால்தான். நின்டென்டோ 64இன் ஆரம்பகால என்டிஎஸ்சி போர்டுகளில் ஆர்ஜிபி உள்ளேயே இருக்கும், ஜாக் வரை கொண்டுபோக ஓர் ஆம்ப்ளிஃபயர்தான் குறை.

பச்சையில் மட்டும் சிங்க் சேர்ந்து வந்தால் ஒரு நெளிவு உண்டு. பச்சைச் சேனல் சிங்க் டிப்பில் நிற்கும், மற்ற இரண்டும் கருப்பில் நிற்கும். அவுட்புட்டில் பச்சையின் கருப்பு மட்டம் மற்றவற்றைவிட 0.6 வோல்ட் உயரத்தில் இருக்கும். எதிரே டிவியோ மானிட்டரோ இருந்தால் அவை தாங்களே மறுபடி கிளாம்ப் செய்துகொள்ளும், கவலையில்லை. ஏடிசியோடு (அனலாக்கை டிஜிட்டலாக மாற்றும் ஐசி) நேராக இணைத்தால் படம் பச்சையில் குளிக்கும்.


அப்படியானால் காம்பொனன்ட் வீடியோவின் பிபி, பிஆர் சேனல்களுக்கும் கிளாம்ப் போதும்தானே?

போதாது. இது தனி ஜாதி. பிபியும் பிஆரும் நிற வித்தியாச சிக்னல்கள். பிளாங்கிங் நடுவில் இருக்கும், சிக்னல் இருபுறமும் 350 மில்லிவோல்ட் வரை போகும். மிகத் தாழ்ந்த இடம் எது என்பதைப் படம்தான் தீர்மானிக்கிறது. மஞ்சள் சட்டை போட்டவர் திரைக்கு வந்தால் பிபி கீழே பாய்கிறது. கிளாம்ப் அதைச் சிங்க் என்று நினைத்துப் பிடித்து, கெபாசிட்டரின் வோல்டேஜை மாற்றிவிடுகிறது. சட்டை இருக்கும் வரிகளில் ஒரு மட்டம், இல்லாத வரிகளில் இன்னொரு மட்டம். டிவி தன் பக்கத்தில் பிளாங்கிங்கை வைத்து ஓரளவு திருத்திக்கொள்ளும்தான். ஆனால் வரிக்கு நடுவே கிளாம்ப் சிக்னலின் அடியை நசுக்கியதை அதனால் திருத்த முடியாது. அந்த மஞ்சள் வெளிறி, பக்கத்தில் நிறம் இழுபடும்.

எஸ்-வீடியோவின் கலர் கம்பிக்கும் இதே கதிதான். அதில் சிங்க் இல்லை. பிளாங்கிங்குக்கு இருபுறமும் ஆடும் சப்கேரியர் மட்டும்.

இவற்றுக்கு நடு மட்டத்தில் தொங்கவிடும் ஏசி பயஸ் வேண்டும். சில ஐசிகளில் அதற்கென்றே தனிச் சேனல் இருக்கும், அல்லது ஐ-ஸ்கொயர்டு-சி என்ற இரண்டு கம்பிக் கட்டளை வழியாக மாற்றிக்கொள்ளலாம். கிளாம்ப் மட்டுமே உள்ள ஐசியையும் ஒரு ரெசிஸ்டரால் ஏமாற்றலாம். உள்ளே கிரவுண்டுக்கு 800 கிலோஓம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், காலிலிருந்து 3.3 வோல்ட் சப்ளைக்கு 3.3 மெகாஓம் போட்டால் கால் 0.64 வோல்ட்டில் நிற்கும். 350 மில்லிவோல்ட் கீழே போனாலும் கிரவுண்டைத் தொடாது, கிளாம்ப் தூங்கிக்கொண்டே இருக்கும். 0.1 மைக்ரோஃபாரடோடு சேர்ந்து கீழ் எல்லை 2.5 ஹெர்ட்ஸ் பக்கம் வரும், அதுவும் போதும். உள்ளே இருக்கும் ரெசிஸ்டரின் மதிப்பு ஐசிக்கு ஐசி மாறும் என்பதால் டேட்டாஷீட்டைப் பார்த்துத்தான் வெளியே எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டும்.

வெளிச்சத்தைச் சுமக்கும் ஒய் சேனலுக்குச் சிங்க் உண்டு. அதற்குக் கிளாம்ப் சரி.


ஸ்கோப் முனையைக் காலில் வைத்தாலே படம் மாறுகிறது. கை எடுத்தால் சரியாகிவிடுகிறது. ஏன்?

மேலே சொன்ன 3.3 மெகாஓம், 800 கிலோஓம் சேனலில்தான் இது நடக்கும். புரோபை ஒன்று-மடங்கு நிலையில் வைத்திருக்கிறீர்கள்; அதன் 1 மெகாஓம் 800 கிலோஓமுக்கு இணையாகச் சேர்ந்து 444 கிலோஓம் ஆகிறது. 0.64 வோல்ட் 0.39க்கு விழுகிறது. 350 மில்லிவோல்ட் ஆட்டத்துக்கு இடம் மயிரிழை அளவே மிஞ்சும். பத்து-மடங்கு நிலைக்கு மாற்றினால் 0.6இலேயே நிற்கும். சாதா மல்ட்டிமீட்டரின் 10 மெகாஓமும் இதே அளவுதான், அதனால் அளக்கலாம்.

இதே காரணத்துக்காக, சாலிடர் செய்த ஃப்ளக்ஸைத் துடைக்காமல் விட்ட போர்டில், மழைக்காலத்து ஈரத்தில், இந்தச் சேனல்கள் தாமாகவே நகர்ந்துவிடும். மெகாஓம்களோடு வேலை செய்யும்போது போர்டின் அழுக்கும் ஒரு ரெசிஸ்டர்.


ஒரே காலில் நேர் இணைப்பும் கெபாசிட்டரும் எப்படி வேலை செய்கின்றன? எதையாவது மாற்றி அமைக்க வேண்டாமா?

வேண்டாம். சிக்னல் கிரவுண்டுக்குக் கீழே போகாதவரை கிளாம்ப் எதையும் செய்யாது. டாக் தரும் சிக்னல் பூஜ்யத்துக்கு மேலேயே இருப்பதால் அது கிளாம்பை எழுப்புவதே இல்லை.


ஆண்டெனா சிக்னல் பலவீனமாக இருக்கும்போது கிளாம்ப் தடுமாறுமா?

தடுமாறும். பொரி பொரியாக வரும் நாய்ஸில் சில ஊசிகள் சிங்க்குக்குக் கீழே போகும். கிளாம்ப் அவற்றையும் சிங்க்காக எடுத்துக்கொண்டு மொத்தச் சிக்னலையும் கொஞ்சம் மேலே தள்ளும். வரிக்கு வரி தள்ளல் வேறுபடுவதால் கிடைமட்டமாகச் சாம்பல் கீற்றுகள் தெரியும். நல்ல ஐசிகளில் கிளாம்ப் கவனிக்கும் சிக்னலை மட்டும் முதலில் சற்று வடிகட்டி, ஊசிகளை மழுக்கிவிடுகிறார்கள்.

துல்லியம் தேவைப்படும் இடத்தில் பேக்-போர்ச் கிளாம்ப் என்ற வேறு ஏற்பாடு இருக்கிறது. சிங்க் முடிந்த பின் வரும் தட்டையான பகுதியை, தனியாக ஒரு சிங்க் செப்பரேட்டர் சைகை கொடுத்ததும் பிடிக்கும். சிங்க்கின் உயரம் மாறினாலும் கருப்பு மாறாது. ஆனால் கூடுதல் சர்க்கியூட் வேண்டும். வீட்டுப் பெட்டிகளுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.


8.5 மெகாஹெர்ட்ஸ் ஃபில்டர் படத்தை மங்கலாக்கும் என்கிறார்களே?

பிஏஎல் வீடியோவை மங்கலாக்காது. ஐந்தாம் வரிசை பட்டர்வர்த் வகை ஃபில்டர் என்று எடுத்துக் கணக்குப் போட்டால் 4.43 மெகாஹெர்ட்ஸ் கலரில் ஒரு டெசிபலின் நூறில் ஒரு பங்குகூடக் குறையாது. 5.5இலும் 0.06 டெசிபல் மட்டுமே. அதே சமயம் 27 மெகாஹெர்ட்ஸில் ஓடும் டாக்கின் நிழல் சிக்னல் தொடங்கும் 21.5இல் (27இலிருந்து 5.5 போக) 40 டெசிபல் அடித்துப்போடும். இந்த வேலைக்காகத்தான் ஃபில்டர்.

விஜிஏ வேறு விஷயம். 8.5 மெகாஹெர்ட்ஸ் ஃபில்டர் வழியாக ஒரு விளிம்பு ஏற 41 நானோசெகண்ட் எடுக்கும். 640க்கு 480 விஜிஏவின் ஒரு பிக்சல் மொத்தமே 40 நானோசெகண்ட். எழுத்துகள் கூழாகிவிடும். 720பி, 1080ஐ என்ற எச்டி வடிவங்களின் அனலாக் காம்பொனன்டுக்கு டிஎச்எஸ்7316 மாதிரி 36 மெகாஹெர்ட்ஸ் ஐசிகள் இருக்கின்றன. எச்டி அனலாக் சிசிடிவி கேமராவின் கம்பியில் இந்த எஸ்டி (பழைய சாதாரணத் தர வீடியோ) ஃபில்டரை வைக்கவே கூடாது.

பழைய கன்சோல்காரர்களின் வாதம் இரண்டுக்கும் நடுவில். சூப்பர் நின்டென்டோவின் பிக்சல் 186 நானோசெகண்ட். 41 நானோசெகண்ட் விளிம்பு அதில் லேசான மழுக்கலாகத்தான் தெரியும், அதுவும் நல்ல மானிட்டரில். அது வேண்டாம் என்பவர்கள் ஃபில்டரைச் சுற்றிப் போகும் வசதியுள்ள டிஎச்எஸ்7374ஐ எடுக்கிறார்கள்.


ஏடிசிக்கு முன்னால் இதே ஐசியை வைக்கலாமா?

வைக்கலாம், அங்கே அது ஆன்டி-அலையாசிங் வேலை, அதாவது நிழல் சிக்னல் உருவாகாமல் தடுக்கும் வேலை செய்யும். ஆனால் இரண்டு மடங்குப் பெருக்கலை மறக்க வேண்டாம். கேபிளை ஓட்டும்போது தொடரில் 75 ஓமும் எதிர்முனையில் 75 ஓமும் அதைப் பாதியாக்கி 1 வோல்ட்டுக்குத் திருப்பிவிடும். ஏடிசி பக்கத்தில் கேபிள் இல்லை என்பதால் அந்த இரண்டு ரெசிஸ்டரையும் நீங்களே போர்டில் வைக்க வேண்டும். வீடியோ டிகோடர் ஐசிகள் தங்களுக்கென்று கிளாம்ப் வைத்திருக்கும். நடுவில் இன்னொரு 0.1 போட்டுவிடுங்கள்.


அவுட்புட்டில் கெபாசிட்டர் வேண்டுமா?

டிசியை ஏற்கும் டிவி என்றால் வேண்டாம். போட்டால் பெரிதாகப் போடுங்கள். இங்கே எதிரே 150 ஓம் இருப்பதால் 47 மைக்ரோஃபாரட்கூட 23 ஹெர்ட்ஸில் வெட்ட ஆரம்பித்து, திரையின் மேலிருந்து கீழாக வெளிச்சம் சாயும். 220 அல்லது 470 மைக்ரோஃபாரட் வழக்கம்.


ஐசிக்குச் சப்ளை இல்லாதபோது கேபிளில் சிக்னல் வந்தால்?

காலிலிருந்து சப்ளைக்குப் போகும் பாதுகாப்பு டயோடு வழியாகச் சிக்னல் ஐசிக்கே கரண்ட் ஊட்டப் பார்க்கும். 1 வோல்ட் வீடியோ, நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் என்றால் ஒன்றும் ஆகாது. டிசியாக நேரே இணைத்திருந்தால், அதுவும் மறுபக்கம் 5 வோல்ட் சப்ளையில் ஓடும் ஆம்ப்ளிஃபயர் என்றால், யோசிக்க வேண்டும்.


மூன்று சேனலில் ஒன்றுதான் எனக்குத் தேவை. மற்ற இரண்டு உள்ளீட்டை என்ன செய்ய?

கிரவுண்டில் கட்டிவிடுங்கள். அவுட்புட் கால்களை மட்டும் எதிலும் கட்டாமல் சும்மா விட வேண்டும். உள்ளே இருக்கும் தூக்கலால் அவை கிரவுண்டுக்குச் சற்று மேலே நிற்கும், கிரவுண்டோடு இணைத்தால் காரணமில்லாமல் கரண்ட் வீணாகும்.


டிஎச்எஸ்7314 கிடைக்கவில்லை. எஃப்எம்எஸ்6143ஐ அதே இடத்தில் வைக்கலாமா?

கால் வரிசை ஒன்றுதான்: 1, 2, 3 உள்ளீடு, 4 சப்ளை, 5 கிரவுண்டு, 6, 7, 8 அவுட்புட். எட்டுக் கால் எஸ்ஓஐசி பேக்கேஜ் என்றால் அப்படியே உட்காரும். ஃபில்டர் ஒரு வரிசை குறைவு, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பார்க்க வேண்டியது சப்ளை. டிஎச்எஸ்7314 3 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் வரை ஓடும்; மாற்றாக வாங்கும் ஐசியின் டேட்டாஷீட்டில் உங்கள் போர்டின் 3.3 வோல்ட் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பிபி, பிஆருக்கு வெளியே ரெசிஸ்டர் போட்டிருந்தால் அதன் மதிப்பையும் புது ஐசிக்கு மறுபடி கணக்குப் போட வேண்டும்.